தணிகை மலையில் கிடைத்த கற்கண்டு!

முத்துசுவாமி தீட்சிதரின் வாழ்வைத் திருப்பிய திருத்தணி

உங்கள் வீட்டில் கொலு வைக்கிறீர்களா? அப்படியானால் நவராத்திரி ஒன்பது நாளில் ஒரு நாளாவது, பக்கத்து வீட்டுக் குழந்தை வந்து உட்கார்ந்து, 'வாதாபி கணபதிம்' பாடியிருக்கும். பாட்டுக் கிளாஸில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத வாண்டு என்றால், 'சக்தி சஹித கணபதிம்' பாடிவிட்டு, சுண்டலை வாங்கிக்கொண்டு ஓடியிருக்கும். இந்த இரண்டையும் செய்தவர் ஒருவரே. சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர்!

திருவாரூரில் பிறந்து, எட்டயபுரத்தில் இறைவனோடு கலந்த இந்த மகானுக்கும், ஆந்திர எல்லையை ஒட்டி நிற்கும் திருத்தணி மலைக்கும் என்ன சம்பந்தம்? அவருடைய முதல் கீர்த்தனை பிறந்தது அங்கேதான் என்கிறது சங்கீத உலகம் போற்றும் வரலாறு. வாருங்கள், தீட்சிதரின் வாழ்க்கையைக் கேட்டபடியே தணிகை மலைப் படிகளில் ஏறுவோம்.

முருகன் தந்த பிள்ளை

தீட்சிதரின் தந்தை ராமசுவாமி தீட்சிதர் பெரிய சங்கீத வித்வான். ஹம்ஸத்வனி ராகத்தை உலகுக்குத் தந்தவர் அவரே. தாயார் சுப்பம்மாள். கல்வி, கௌரவம் எல்லாம் இருந்தும், நெடுநாள் அந்த வீட்டில் தொட்டில் ஆடவில்லை. தம்பதியர் வைத்தீஸ்வரன்கோவிலுக்குச் சென்று, அங்கே அருளும் முத்துக்குமார சுவாமியிடம் தங்கள் குறையைச் சொல்லி, விரதம் இருந்தார்கள்.

வேண்டுதல் பலித்தது. மன்மத வருடம், பங்குனி மாதம், கிருத்திகை நட்சத்திரத்தில் ஆண் குழந்தை பிறந்தது. ஆங்கில ஆண்டை 1775 என்றும் 1776 என்றும் எழுதுவார்கள். முருகன் கொடுத்த பிள்ளை, முருகனுக்கு உகந்த கிருத்திகையில் பிறந்த பிள்ளை. அதனால் முத்துக்குமார சுவாமியின் பெயரையே சூட்டி, முத்துசுவாமி என்று அழைத்தார்கள். பின்னால் சின்னசுவாமி, பாலுசுவாமி என்று இரண்டு தம்பிகளும், பாலாம்பாள் என்று ஒரு தங்கையும் பிறந்தார்கள்.

சிறு வயதிலேயே வேதமும், சமஸ்கிருதமும், சங்கீதமும் முத்துசுவாமிக்கு வசப்பட்டன. அந்தச் சமயத்தில் சென்னைக்கு அருகிலுள்ள மணலியில் வாழ்ந்த முத்துகிருஷ்ண முதலியார் என்ற பிரபு, ராமசுவாமி தீட்சிதரை ஆதரித்துத் தம் ஊருக்கு அழைத்துவந்தார். குடும்பமே மணலியில் குடியேறியது. புனித ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயர்களின் பேண்டு வாத்தியம் முழங்கிய காலம் அது. தம்பி பாலுசுவாமி ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று, அதை நம் கர்நாடக சங்கீதத்துக்குப் பழக்கினார். அண்ணன் முத்துசுவாமியோ அந்த பேண்டு மெட்டுகளுக்கு நம் தெய்வங்களின் துதிகளைப் பொருத்தினார். இங்கிலாந்து தேசத்தின் ராஜ கீதத்துக்குக்கூட அவர் சமஸ்கிருதத்தில் வார்த்தை கட்டியிருக்கிறார் என்றால் ஆச்சரியமாக இல்லையா? 'நோட்டு ஸ்வரம்' என்று நம் குழந்தைகள் இன்று பாடுவது அவற்றைத்தான்.

கங்கையில் இறங்கிய படிகள்

மணலிக்கு ஒருநாள் சிதம்பரநாத யோகி என்ற மகான் வந்தார். முத்துசுவாமியின் முகத்தைப் பார்த்தார். இந்தப் பிள்ளை தம்முடன் காசிக்கு வரட்டும் என்று கேட்டார். தவம் இருந்து பெற்ற மூத்த மகன்! ரயில் இல்லாத காலத்தில் காசிக்குப் போகிறவர் திரும்பி வருவாரா என்பதே நிச்சயமில்லை. பெற்றவர்களுக்கு எப்படி மனம் வரும்? தயங்கினார்கள், கலங்கினார்கள். கடைசியில் அனுப்பிவைத்தார்கள்.

வெளிநாட்டு விமானத்தில் பிள்ளையை ஏற்றிவிட்டு, வீட்டுக்கு வந்து அவன் சாப்பிட்ட தட்டைப் பார்த்துக் கண்கலங்கும் தாய்மார்களுக்கு, சுப்பம்மாள் அன்று என்ன பாடுபட்டிருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

காசியில் குருவுக்குப் பணிவிடை செய்தபடி, சில ஆண்டுகள் தங்கினார் முத்துசுவாமி. ஸ்ரீவித்யா உபாசனையும் வேதாந்தமும் குருவிடம் கிடைத்தன. வடநாட்டு இந்துஸ்தானி இசையும் காதில் விழுந்து, உள்ளே இறங்கியது. ஒருநாள் கங்கையின் படித்துறையில் சில படிகள் இறங்கி, நீரில் கைகளை நீட்டும்படி குரு பணித்தாராம். நீட்டிய கையில் ஒரு வீணை வந்து சேர்ந்தது. அதன் யாளி முகம் மேல்நோக்கி இருந்தது. அதில் ராம நாமம் தேவநாகரி எழுத்தில் பொறிக்கப்பட்டிருந்தது என்று பரம்பரையாகச் சொல்லி வருகிறார்கள். அதன் பிறகு சிதம்பரநாத யோகி, அந்தக் கங்கையிலேயே சித்தியடைந்தார்.

கையில் வீணை இருக்கிறது. வழிகாட்டிய குரு இல்லை. தீட்சிதர் தெற்கு நோக்கித் திரும்பினார். மணலி வந்து பெற்றோரை வணங்கினார். அதன் பிறகு அவர் புறப்பட்ட இடம்தான், திருத்தணி.

சினம் தணிந்த மலை

வாசகியரே, இப்போது நாமும் மலையடிவாரத்துக்கு வந்துவிட்டோம்.

அறுபடை வீடுகளில் இது ஐந்தாவது. சூரபத்மனோடு நடந்த போரும், வள்ளிக்காக வேடர்களோடு நடந்த போரும் முடிந்து, முருகப்பெருமான் சினம் தணிந்து அமர்ந்த இடம் என்பதால் 'தணிகை' என்று பெயர். தணிதல் என்றால் ஆறுதல், அடங்குதல். பசி தணிந்தது, தாகம் தணிந்தது என்கிறோமே, அதே சொல்தான். வள்ளியம்மையை அவர் மணம் முடித்ததும் இங்கேதான்.

மற்ற முருகன் தலங்களில் கந்த சஷ்டி என்றால் சூரசம்ஹாரம் அமர்க்களப்படும். திருத்தணியில் மட்டும் சூரசம்ஹாரம் கிடையாது! கோபம் தணிந்த மூர்த்திக்கு மறுபடியும் போரா? அதனால் சஷ்டியில் இங்கே கூடை கூடையாக மலர்களைக் கொட்டி, புஷ்பாஞ்சலி செய்து சுவாமியைக் குளிர்விக்கிறார்கள்.

அடிவாரத்தில் சரவணப் பொய்கை. அங்கிருந்து மலைக்கு 365 படிகள். ஆண்டின் ஒரு நாளைக்கு ஒரு படி! ஒவ்வொரு டிசம்பர் 31-ஆம் தேதியும் படித் திருவிழா நடக்கிறது. படிதோறும் மஞ்சள், குங்குமம் இட்டு, கற்பூரம் ஏற்றி, திருப்புகழ் பாடியபடி பக்தர்கள் ஏறுவார்கள். ஆங்கிலப் புத்தாண்டில் வெள்ளைக்காரத் துரைகளுக்கு மாலை போடப் போவதைவிட, தணிகைத் துரையிடம் போவோம் என்று இதைத் தொடங்கிவைத்தவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். தீட்சிதர் காலத்துக்கு ஏறக்குறைய நூறாண்டுகள் பின்னால் வந்தவர் அவர். இன்று மேலே வரை வாகனம் போக நல்ல சாலை இருக்கிறது. ஆனாலும், முழங்கால் ஒத்துழைத்தால் ஒரு முறையாவது படி ஏறிப் பாருங்கள்.

கற்கண்டு வைத்த கை

அந்த மலைக்குத்தான், 25 வயதை ஒட்டிய முத்துசுவாமி வந்து சேர்ந்தார். குரு தந்த மந்திரத்தை ஜபித்து, தியானத்தில் அமர்ந்தார். அப்போது ஒரு முதியவர் அவரைப் பெயர் சொல்லி அழைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, நாவில் கற்கண்டைப் போட்டுவிட்டு மறைந்தாராம். கண்விழித்துப் பார்த்தால் முதியவர் இல்லை. எங்கும் மயில்மேல் வரும் முருகனின் திருக்காட்சிதான்!

நாவில் கற்கண்டு கரைந்தது. உள்ளே கட்டிக் கிடந்த இசையும் கரைந்து வெளியே வந்தது. 'ஸ்ரீநாதாதி குருகுஹோ' என்று தொடங்கும் அவருடைய முதல் கீர்த்தனை பிறந்தது!

இந்தப் பாட்டின் ராகம் எது தெரியுமா? மாயாமாளவகௌளை. உங்கள் குழந்தை பாட்டுக் கிளாஸில் முதல் நாள் ஸரிகம பாடுகிறதே, அதே ராகம்தான். பாட்டின் தொடக்கமும் சரளி வரிசை போல ஸ்வரம் ஸ்வரமாக மேலே ஏறி, கீழே இறங்குவதாக அமைந்திருக்கிறது என்று சங்கீதம் தெரிந்தவர்கள் வியப்பார்கள். எவ்வளவோ கற்ற வித்வான், காசியைப் பார்த்து வந்தவர், தணிகை முருகன் முன்னால் பாலபாடம் படிக்கும் குழந்தையைப் போலத் தொடங்கியிருக்கிறார்!

இன்னொரு நுட்பமும் உண்டு. அன்று முதல் தம் கீர்த்தனைகளில் அவர் வைத்த முத்திரை, 'குருகுஹ'. குகன் என்றால் முருகன். அடியவரின் இதயக் குகையில் குடியிருப்பவன். இழந்துவிட்ட குருவையும், எதிரே நிற்கும் குகனையும் ஒரே பெயரில் சேர்த்துவிட்டார் தீட்சிதர். காசியில் குருவைப் பிரிந்த துயரம், தணிகையில் தணிந்துவிட்டது.

முதல் கீர்த்தனை முதல் வேற்றுமை. அதைத் தொடர்ந்து, சமஸ்கிருத இலக்கணத்தின் எட்டு வேற்றுமைகளிலும் குருகுஹனைப் பாடினார். ஆனந்தபைரவி, பாடி, சாமா, பலஹம்ஸ, பூர்வி, பானுமதி, உதயரவிசந்திரிகா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ராகம். பள்ளியில் நாமும் ஐ, ஆல், கு என்று வேற்றுமை உருபுகளை மனப்பாடம் செய்தோம்! அந்த இலக்கணத்தையே அர்ச்சனையாக மாற்றியவர் அவர்.

யானை ஏன் வெளியே பார்க்கிறது?

மேலே வந்துவிட்டோம். ஆபத்சகாய விநாயகரை வணங்கிவிட்டு உள்ளே போவோம்.

முருகன் சன்னிதிக்கு எதிரே மயில் இருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? இங்கே நிற்பது யானை! அதுவும் சுவாமியைப் பார்க்காமல், முதுகைக் காட்டிக்கொண்டு வெளிப்புறம் பார்த்து நிற்கிறது. ஏன்?

இந்திரன் தன் மகள் தெய்வானையை முருகனுக்குக் கல்யாணம் செய்துகொடுத்தபோது, ஐராவத யானையையும் சந்தனம் அரைக்கும் கல்லையும் சீராக அனுப்பினானாம். மகளும் போனாள், யானையும் போயிற்று, தேவலோகம் களையிழந்தது. மாமனாரின் கஷ்டத்தை அறிந்த முருகன், யானையைத் தேவலோகம் இருக்கும் திசை பார்த்து நிற்கச் செய்தார். அதன் பார்வை பட்டு அங்கே மறுபடி வளம் பெருகியது என்கிறது தலபுராணம். புகுந்த வீட்டில் இருந்தபடியே பிறந்த வீட்டின் நலம் நினைக்கும் பெண்களுக்கு, இந்த யானையின் பார்வை நன்றாகவே புரியும்!

இந்திரன் தந்த கல்லில் அரைத்த சந்தனம்தான் சுவாமிக்குச் சாத்தப்படுகிறது என்பது ஐதீகம். அந்தப் பிரசாதத்தை நெற்றியில் இடுவதைவிட, நீரில் கரைத்துப் பருகினால் நோய் தீரும் என்று பக்தர்கள் நம்புகிறார்கள். கருவறையில் நின்ற திருக்கோலத்தில் சுப்பிரமணிய சுவாமி. வள்ளிக்கும் தெய்வானைக்கும் தனித்தனி சன்னிதிகள்.

கீழே ஊருக்குள், நந்தி ஆற்றங்கரையில் இன்னொரு பழம்பெரும் கோயில் இருக்கிறது. பெரும்பாலோர் பார்க்காமலே பஸ் ஏறிவிடுகிறார்கள். அதுதான் வீரட்டானேஸ்வரர் ஆலயம். பல்லவ மன்னன் அபராஜிதன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில், நம்பி அப்பி என்பவர் எடுப்பித்த கற்றளி இது. விமானத்தின் பின்புறம், படுத்திருக்கும் யானையின் முதுகைப் போல வளைந்திருக்கும்; தூங்கானைமாடம் என்று தமிழில் அழகாகச் சொல்வார்கள். மலைமேல் நின்ற யானை, கீழே கோயிலாகவே படுத்திருக்கிறதோ என்று தோன்றும்! அங்குள்ள கல்வெட்டில் ஒரு தமிழ் வெண்பா இருக்கிறது. அதைப் பாடியவர் மன்னரே என்றும் கல்வெட்டு சொல்கிறது. தீட்சிதருக்கு ஏறக்குறைய 900 ஆண்டுகளுக்கு முன்பே, இந்த ஊர் ஒரு ராஜாவைப் பாட வைத்திருக்கிறது!

பாட்டிலே ஒரு தலயாத்திரை

திருத்தணியில் திறந்த வாய் அதன் பிறகு மூடவில்லை. காஞ்சிபுரம், திருவாரூர், தஞ்சாவூர், மாயவரம், மதுரை என்று தீட்சிதர் நடந்த ஊரெல்லாம் கீர்த்தனை. 400-க்கும் மேற்பட்டவை இன்று கிடைக்கின்றன. அவற்றைக் கவனித்துக் கேட்டால் ஒரு விஷயம் புரியும். அந்தத் தலத்தின் மூர்த்தி, அம்பாள், தீர்த்தம், விமானம், தலபுராணம், பூஜை முறை என்று பலவற்றையும் பாட்டுக்குள் வைத்திருப்பார். ராகத்தின் பெயரையும் சாமர்த்தியமாக நுழைத்துவிடுவார். கையில் வீணையோடு போன இந்த யாத்ரீகர், கோயிலை நிதானமாகச் சுற்றிப் பார்த்த பிறகே பாடியிருக்கிறார்!

திருவாரூரில் கமலாம்பிகைக்கு நவாவரண கீர்த்தனைகள் பாடினார். அவருடைய சீடர் தம்பியப்பன் வயிற்று வலியால் துடித்தபோது, ஜாதகத்தில் குருவின் நிலை சரியில்லை என்று கண்டு, பிரகஸ்பதியின் மேல் அடாணா ராகத்தில் கீர்த்தனை செய்து, சீடரைப் பாடவைத்தார். வலி நீங்கியது என்பார்கள். நாம் போற்றும் நவக்கிரக கீர்த்தனைகளின் கதை இதுதான்.

அரிசிப் பானையைப் பார்த்தவர்கள்

இங்கே உங்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம். இப்படிப் பாடிக்கொண்டே இருந்தால் வீட்டில் அடுப்பு எரிந்தது எப்படி?

நியாயமான கேள்வி. மனிதர்களைப் பாடிப் பொருள் சேர்ப்பதில்லை என்பதில் தீட்சிதர் உறுதியாக இருந்தார். அந்த உறுதியின் சுமையை அவர் மட்டும் சுமக்கவில்லை. வீட்டில் இருந்த பெண்களும்தான் சுமந்தார்கள்.

திருவாரூரில் ஒருநாள் சமைக்க ஒரு மணி அரிசிகூட இல்லை. தீட்சிதரிடம் சங்கீதம் கற்ற கமலம் என்ற நடனக் கலைஞர் இதை அறிந்து, தன் கை வளையல்களை அடகு வைத்து மளிகை வாங்கி வருவதாகச் சொன்னார். தீட்சிதர் மறுத்துவிட்டார். தியாகராஜப் பெருமான் சன்னிதிக்குப் போய், யதுகுலகாம்போதியில் பாடினார். அந்த ஊருக்கு வருவதாக இருந்த ஓர் அரசாங்க அதிகாரியின் பயணம் திடீரென நின்றுபோக, அவருக்காகச் சேகரித்த அரிசி, பருப்பு எல்லாம் தீட்சிதர் வீட்டுக்கு வந்து இறங்கியதாம்.

இன்னொரு சமயம், தஞ்சை மன்னரைப் பார்த்துவந்தால் தங்க நகை கிடைக்குமே என்று அவர் மனைவி ஆசைப்பட்டார். தீட்சிதர் கோபிக்கவில்லை, அரண்மனைக்குப் போகவும் இல்லை. பொன்மயமான மகாலட்சுமியை லலிதா ராகத்தில் பாடினார். அன்று இரவு அந்த அம்மையாரின் கனவில் சர்வாபரணங்களுடன் திருமகள் காட்சி தந்தாள். விழித்தபோது நகை ஆசை மறைந்திருந்தது என்று சொல்வார்கள்.

ஆசைப்பட்டது தப்பில்லை. கழுத்தில் ஒரு பொட்டுத் தங்கம் வேண்டும் என்று எந்தப் பெண்தான் நினைக்கமாட்டாள்? அந்த ஆசையும் தணிந்தது என்பதுதான் இந்தக் கதையின் அழகு. திருத்தணி முருகன் தீட்சிதருக்குப் பொற்காசு கொடுக்கவில்லை. அரண்மனை உத்தியோகம் கொடுக்கவில்லை. கொடுத்தது ஒரு துண்டுக் கற்கண்டு! அந்த இனிப்பு ஆயுள் முழுக்கக் கரையாமல் இருந்தது. கூட வாழ்ந்தவர்களுக்கும் கொஞ்சம் கிடைத்தது.

மன்மத முதல் மன்மத வரை

வயலின் வித்வானான தம்பி பாலுசுவாமி, எட்டயபுரம் சமஸ்தானத்தில் இருந்தார். தம்பியைத் தேடித் தெற்கே நடந்தார் தீட்சிதர். சாத்தூர்ப் பக்கம் வறண்டு கிடந்த பூமியைப் பார்த்து, அமிர்தவர்ஷினி ராகத்தில் அம்பிகையிடம் மழை வேண்டினார். வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது என்ற கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். எட்டயபுரத்தில் மன்னர் அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்.

1835-ஆம் ஆண்டு, அக்டோபர் 21. தீபாவளித் திருநாள். அரண்மனை யானை சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடி, மயானத்தில் போய்ப் படுத்துவிட்டதாம். நாட்டுக்குக் கேடு வருமோ என்று பயந்த மன்னர் தீட்சிதரிடம் ஓடி வந்தார். நாட்டுக்கு ஒரு தீங்கும் இல்லை என்று தேற்றி அனுப்பினார் அவர். பிறகு சீடர்களைத் தம் மீனாட்சி கீர்த்தனையைப் பாடச் சொல்லி, கேட்டபடியே அம்பிகையின் திருவடியில் கலந்தார். அட்டக்குளம் கரையில் இருக்கிறது அவருடைய சமாதி.

அது என்ன வருடம் தெரியுமா? மன்மத வருடம்! பிறந்ததும் மன்மத, மறைந்ததும் மன்மத. தமிழ் ஆண்டுகள் அறுபதும் ஒரு சுற்றுச் சுற்றிவந்துவிட்டன.

பாலுசுவாமியின் வழிவந்த சுப்பராம தீட்சிதர் 1904-ஆம் ஆண்டு, 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற பெரிய நூலை எட்டயபுரத்தில் வெளியிட்டார். தீட்சிதரின் கீர்த்தனைகள் ஸ்வரக் குறிப்புகளோடு நமக்குக் கிடைத்தது அதனால்தான்.

அடுத்த முறை திருத்தணி போகும்போது, பூஜைக் கூடையில் பூ, பழத்தோடு ஒரு பொட்டலம் கற்கண்டும் வைத்துக்கொள்ளுங்கள். மனதை அரித்துக்கொண்டிருக்கும் கவலை எதுவோ, அதைத் தணிகைநாதனிடம் சொல்லுங்கள். கேட்டது அப்படியே கிடைக்குமோ, இல்லையோ... மனசு தணியும். படி இறங்கும்போது கொஞ்சம் கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு, எதிரே ஏறிவரும் குழந்தைகளுக்கும் கொடுங்கள்.

எப்படிச் செல்வது?

திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது திருத்தணி. ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தோடு இருந்த இந்த ஊர், எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960, ஏப்ரல் 1 முதல் தமிழகத்தோடு இணைந்தது. சென்னையிலிருந்து சுமார் 85 கி.மீ. தூரம். அரக்கோணத்திலிருந்து சுமார் 13 கி.மீ. சென்னையிலிருந்து ரயில், பஸ் வசதி உண்டு. ஆடிக் கிருத்திகையன்று புஷ்பக் காவடிகள் மலையை நிறைக்கும். சரவணப் பொய்கையில் தெப்போற்சவம் நடக்கும். நிதானமான தரிசனம் வேண்டுமென்றால், கிருத்திகையும் செவ்வாய்க்கிழமையும் அல்லாத ஒரு சாதாரண நாளின் காலை நேரமாகப் பார்த்துக் கிளம்புங்கள்.